சூலகப் புற்றுநோய்: பரம்பரையலகுச் சோதனை ஆயுளைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பசறைமலர்:
எல்லாருக்கும் வணக்கம். புற்றுநோய் கிளினிக்கில் வேலை செய்கிறவர்களும் லெப் ஆட்களும் பதில் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒரு ரிப்போட்டை எடுத்துக்கொள்வோம். வயது 54, உயர்தர சீரஸ் என்ற கடுமையான வகை, வயிற்றுக்குள் பரவிய கட்டம் 3சி, மூன்று கீமோ முடிந்து சத்திரசிகிச்சை. அப்போது எடுத்த கட்டியில் செய்த சோதனை: உடைந்த டிஎன்ஏயைத் திருத்த உதவும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 பரம்பரையலகுகளில் விகாரம் இல்லை, எச்ஆர்டி (அந்தத் திருத்தும் திறனின் குறைபாடு) மதிப்பெண் 12, எதிர்மறை, டிபி53 பரம்பரையலகின் விகாரம் வாசித்த பிரதிகளில் 8 சதவீதம். இதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு காலம்?" இந்த ரிப்போட் அதற்குப் பதில் சொல்லுமா? சொல்லாதென்றால் இவ்வளவு காசு செலவழித்து புளொக்கை (மெழுகில் பதித்த கட்டித் துண்டை) வெளியே அனுப்பச் சொல்வது எதற்கு?

மகாவலிஜீன்:
மலர் அக்கா, அந்த ரிப்போட்டில் 12ஐ விடுங்கள், முதலில் 8ஐப் பாருங்கள்.

உயர்தர சீரஸ் வகையில் டிபி53 விகாரம் ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் இருக்கும். 2011இல் வந்த அமெரிக்க கான்சர் ஜீனோம் அட்லஸ் ஆய்வில் 96 சதவீதம். நோய் தொடங்கும்போதே வந்துவிடுகிற விகாரம் என்பதால் கட்டியின் ஒவ்வொரு கலத்திலும் இருக்கும். நல்ல பிரதி பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். ஆகவே டிபி53 எத்தனை சதவீதம் என்று பார்த்தாலே அனுப்பிய துண்டில் கட்டி எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் அந்த டிஎன்ஏயைத் தந்த கலங்களில் சுமார் 8 முதல் 15 சதவீதம்தான் கட்டி. மிச்சமெல்லாம் நாரிழையம், அழற்சிக் கலம், கொழுப்பு.

எச்ஆர்டி மதிப்பெண் என்பது நிறமூர்த்தங்களில் விழுந்த மூன்று வகைத் தழும்புகளை எண்ணிக் கூட்டியது: தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த பிரதி நீளமாகத் தொலைந்த துண்டுகள், நிறமூர்த்த நுனி வரை போகிற சமனின்மை, பெரிய துண்டுகள் உடைந்து இடம் மாறி ஒட்டிய இடங்கள். பரவலாகப் பாவிக்கும் சோதனையில் 42உம் அதற்கு மேலும் நேர்மறை. இதைப் பார்க்கப் பெரும்பாலான லெப்கள் குறைந்தது 30 சதவீதம் கட்டிக் கலம் கேட்கின்றன. 10 சதவீதத் துண்டில் சாதாரண கலங்களின் டிஎன்ஏ எல்லாத் தழும்பையும் மூடிவிடும். அந்த 12ஐ "பார்க்க முடியவில்லை" என்றுதான் வாசிக்க வேண்டும். லெப்பே அப்படி எழுதியிருக்க வேண்டும், எழுதாதது பிழை.

செய்ய வேண்டியது இரண்டு. கீமோவுக்கு முன் எடுத்த பயொப்சி புளொக்கைத் தேடி எடுத்து அதில் திரும்பச் செய்யக் கேளுங்கள். அதோடு குருதியிலும் பிஆர்சிஏ பாருங்கள். பிறப்பிலேயே உள்ள சிறு விகாரம் கட்டி குறைந்த துண்டிலும் தெரிந்துவிடும்; ஆனால் பரம்பரையலகின் ஒரு பகுதி (எக்ஸோன்) முழுதாக விடுபட்டிருந்தால் பழைய புளொக்கில் தப்பிவிடலாம். அதற்குக் குருதியில், விடுபட்ட பகுதிகளைக் காட்டும் எம்எல்பிஏ முறையும் சேர வேண்டும்.

ஹந்தானைலெப்:
மகாவலி சொன்னதற்கு மேலே ஒன்று. பாதி ரிப்போட் தோற்பது லெப்புக்கு வருவதற்கு முன்பே.

பெரிய சூலகக் கட்டியை அப்படியே வாளியில் போட்டு மூடி அனுப்புகிறார்கள். இழையத்தைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவம் அதற்குள் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் இறங்கும். 15 சென்டிமீற்றர் கட்டியின் நடுப்பகுதி பதுளையிலிருந்து கண்டி வந்து சேரும்போது அழுகியிருக்கும். வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் போட வேண்டும். பொதுவான ஆலோசனை: சத்திரசிகிச்சை நிபுணரோ நோயியல் நிபுணரோ சொன்ன இடத்தில் 1 சென்டிமீற்றர் இடைவெளியில் கீறிவிடுங்கள், இழையத்தைப் போல் 10 மடங்கு திரவம் ஊற்றுங்கள்.

திரவமும் முக்கியம். குழாய்த் தண்ணீரில் போமலினைக் கலந்து வைத்தால் நாளாக ஆக அமிலமாகி டிஎன்ஏயை உடைக்கும். ஒரு லீற்றருக்குக் கணக்கு இது: போத்தலில் வரும் செறிந்த போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், ஒற்றை சோடியம் பொஸ்பேற்று (ஒரு நீர் மூலக்கூறு உள்ளது) 4 கிராம், நீரற்ற இரட்டை சோடியம் பொஸ்பேற்று 6.5 கிராம். பிஎச் 7ஐ ஒட்டி நிற்கும்.

ஊறும் நேரம் 6 மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, 72ஐத் தாண்டவும் கூடாது. வெள்ளிக்கிழமை வெட்டி, நீண்ட விடுமுறை கழித்து லெப்புக்கு வரும் மாதிரி இந்த எல்லையைத் தாண்டிவிடும். அதிகம் ஊறினால் டிஎன்ஏ துண்டு துண்டாகும். டிஎன்ஏ எழுத்துகளில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி என்று பொய் விகாரமும் தோன்றும். குறைந்த சதவீதத்தில் சி-டி மாற்றங்கள் வரிசையாக வந்தால் முதலில் போமலினைச் சந்தேகியுங்கள். போத்தலில் வெட்டிய நேரத்தையும் போமலினில் போட்ட நேரத்தையும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு பேனை போதும், ஆனால் எத்தனை போத்தலில் இருக்கிறது?

கீமோவுக்குப் பிந்திய ஒமென்டத்தில் (வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரை) கண்ணுக்குக் கட்டி போலத் தெரிவது பல நேரம் வெறும் நாரிழையம். அதனால்தான் அந்த 8 சதவீதம். நோயியல் நிபுணர் ஸ்லைட்டில் கட்டி அடர்ந்த இடத்தை வட்டமிட்டுத் தந்தால், 5 மைக்ரோன் தடிப்பில் சாயமிடாத 10 துண்டு வெட்டி அந்த வட்டத்துக்குள் மட்டும் சுரண்டி எடுக்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் பிளேட்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒருவருடைய விகாரம் இன்னொருவர் ரிப்போட்டில் ஏறும்.

டிக்கோயாமாது:
பயொப்சி எடுக்கவே முடியாத ஆளுங்க வந்தா? வயிறு நிறைய தண்ணியோட, மூச்சு வாங்கிக்கிட்டு வர்றவங்கதான் நம்ம பக்கம் அதிகம்.

ஹந்தானைலெப்:
அந்தத் தண்ணியே மாதிரிதான் அக்கா. மூன்று லீற்றர் எடுத்து மூன்றையும் கொட்டிவிடுகிறார்கள். அதில் 100 மில்லிலீற்றருக்குக் குறையாமல் சுத்தமான போத்தலில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வைத்து, அன்றைக்கே அனுப்புங்கள். உறைய விடக் கூடாது. சுழற்றிக் கலங்களைச் சேர்த்து புளொக் ஆக்கினால் கட்டியின் வகையை அறியும் பாக்ஸ்8, டபிள்யூடி1, பி53 சாயம் மூன்றும் போடலாம், கலம் போதுமான அளவு இருந்தால் டிஎன்ஏயும் எடுக்கலாம். கீமோவுக்கு முந்திய மாதிரி என்பதால் சில நேரம் பிறகு வரும் சத்திரசிகிச்சை மாதிரியைவிட இதுதான் நல்லது.

பி53 சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கலமும் கடும் நிறமாக இருந்தாலும் விகாரம், ஒரு கலமும் நிறமேறாமல் வெறுமையாக இருந்தாலும் விகாரம். வெறுமை என்று முடிவு செய்ய முன், பக்கத்தில் உள்ள சாதாரண கலங்கள் லேசாக நிறமேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் வெறுமையாக இருந்தால் சாயம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊவாடொக்டர்:
"எவ்வளவு காலம்?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

எந்தப் பரம்பரையலகையும்விட ஆயுளை அதிகம் தீர்மானிப்பவை கட்டம், சத்திரசிகிச்சையில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் இருந்ததா இல்லையா, பிளாட்டினம் மருந்துக்குக் கட்டி எப்படி இளகியது என்பவைதான். மிச்சம் பூச்சியம் என்றால் ஒரு கதை, 1 சென்டிமீற்றருக்கு மேல் என்றால் வேறு கதை. பரம்பரையலகு அதற்கு மேல் ஓர் அடுக்கு.

அந்த அடுக்கில் உறுதியானது பிஆர்சிஏ. 2012இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள்: விகாரம் இல்லாதவர்களில் 36 சதவீதம், பிஆர்சிஏ1 உள்ளவர்களில் 44, பிஆர்சிஏ2 உள்ளவர்களில் 52. கட்டிக் கலத்துக்கு உடைந்த டிஎன்ஏயைத் திருத்தத் தெரியாததால் பிளாட்டினம் வகை கீமோவான கார்போபிளாட்டின் நன்றாக வேலை செய்கிறது, அதுதான் காரணம். ஆனால் இந்த முன்னிலை நிலைப்பதில்லை. பத்து வருடம் வரை பின்தொடர்ந்த 2015 ஆய்வில் அது வருடத்துக்கு வருடம் குறைந்தது. பிஆர்சிஏ1இல் கடைசியில் இல்லாமலே போனது. இவையெல்லாம் பார்ப் தடுப்பு மருந்துகள் (டிஎன்ஏ திருத்தும் இன்னொரு வழியை அடைக்கும் மாத்திரைகள்) பரவலாக வருவதற்கு முந்தைய பெண்களின் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கம் சிசிஎன்இ1 பெருக்கம். 19ஆம் நிறமூர்த்தத்தில் இந்தப் பரம்பரையலகு பல பிரதியாகப் பெருகிய கட்டிகள் பிளாட்டினத்துக்குச் சரியாக இளகாது. பிஆர்சிஏ விகாரமும் இதுவும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அபூர்வம். இன்னொன்று: பிஆர்சிஏ1 விகாரமாகாமல், மீதைல் என்ற சிறு இரசாயனக் குழு அதில் ஒட்டி அடங்கிப்போன கட்டிகள். எச்ஆர்டி மதிப்பெண் உயரும், ஆனால் விகாரம் உள்ளவர்களுக்குக் கிடைக்கிற நல்ல பலன் இவர்களிடம் தெளிவாக வருவதில்லை. கீமோவில் அந்த மீதைல் உரிந்தால் கலம் திருத்தும் திறனைத் திரும்பப் பெற்றுவிடும், ஆனால் பழைய தழும்பு மட்டும் அப்படியே இருக்கும்.

லிந்துலைசேகர்:
டொக்டர், மரியாதையோடு மாறுபடுகிறேன். பார்ப் மாத்திரையை இரண்டு வருடம் மாதாமாதம் வாங்க வேண்டும். கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? மாத்திரை கைக்கு எட்டாத இடத்தில் விகாரம் இருக்கிறது என்று தெரிந்து என்ன பயன்? அந்தக் காசை ஸ்கானுக்கும் நல்ல சத்திரசிகிச்சைக்குப் போய் வருகிற செலவுக்கும் கொடுக்கலாமே.

ஊவாடொக்டர்:
சேகர், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்திடம் ஒரே ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அது பெண்ணோயியல் புற்றுநோய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்வதற்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாத்திரையின் பலன் சின்னது என்று மட்டும் எண்ண வேண்டாம். முதல் வரிசைச் சிகிச்சைக்குப் பின் பிஆர்சிஏ விகாரம் உள்ளவர்களுக்கு ஒலபரிப் கொடுத்துப் பார்த்த சோலோ-1 ஆய்வில், ஏழு வருடத்தில் மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதமும் எடுக்காதவர்களில் 46.5 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். அதே வகை மருந்தை எச்ஆர்டி எதிர்மறையான ஒருவர் நகையை அடகு வைத்து வாங்கினால் கிடைப்பது மிகக் குறைவு. யாருக்கு அந்தக் கடன் வேண்டாம் என்பதையும் இதே சோதனைதான் சொல்கிறது. உதவி நிதிக்கு விண்ணப்பிப்பதென்றாலும் இந்த ரிப்போட் இல்லாமல் கடிதம் எழுத முடியாது.

மருந்து கிடைத்தால் நம் பக்கத்துக்குக் கவனம் ஒன்று: குருதிச்சோகை. தோட்டத்துப் பெண்களிடம் அது ஏற்கெனவே அதிகம், ஒலபரிப் அதை இன்னும் இறக்கும். 300 மில்லிகிராம் காலையும் மாலையும் தொடங்க முன் ஹீமோகுளோபின் 10க்கு மேல் வந்திருக்க வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினையும் பாருங்கள். முதல் வருடம் மாதம் ஒரு முறை முழு குருதிக் கணக்கு.

டிக்கோயாமாது:
சேகர் தம்பி, மாத்திரைய விடுங்க. அந்தம்மாவுக்கு மூணு பொம்பளப் பிள்ளைங்க இருந்தா? அவங்களுக்குத்தான் இந்தச் சோதனை.

மகாவலிஜீன்:
மாது அக்கா சொன்னதுதான் என் பதிலும். 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 விகாரம் உள்ளவர்களுக்கு 44 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 17 சதவீதம் என்று 2017இல் வந்த பெரிய தொடர் ஆய்வு காட்டியது. தாயிடம் விகாரம் எதுவென்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு பல மடங்கு குறையும். தாய் உயிரோடு இருக்கும்போதே குருதி உறையாத ஈடிடிஏ குழாயில் 5 மில்லிலீற்றர் குருதி எடுத்து டிஎன்ஏ பிரித்து வைத்துவிட வேண்டும். அண்மையில் குருதி ஏற்றியிருந்தால் இரண்டு வாரம் பொறுத்து எடுங்கள். நாள் போதாதென்றால் காத்திருக்க வேண்டாம், படிவத்தில் ஏற்றிய திகதியை எழுதி எடுத்துவிடுங்கள்.

டிக்கோயாமாது:
இன்னொரு சந்தேகம். நம்ம ஆளுங்க மாமன் மக, அத்த மகன்னு கட்டுறோமே, அதனால பிள்ளைங்களுக்கு இது கூடுமா?

மகாவலிஜீன்:
புற்றுநோய் ஆபத்துக்கு ஒரு பிரதி விகாரமானாலே போதும். தாய் அல்லது தகப்பன் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் அது மாறாது. சொந்தத்தில் கட்டும்போது இருவருமே ஒரே பாட்டியிடமிருந்து பிஆர்சிஏ2 விகாரத்தைப் பெற்றிருக்கலாம் என்பதுதான் வித்தியாசம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரு பிரதியும் விகாரமாகி பன்கோனி குருதிச்சோகை என்ற கடும் பரம்பரை நோய் வர. ஆகவே விகாரம் கண்ட குடும்பத்தில் மருமகனையும் மருமகளையும் சொந்தமா என்று கேட்டு எழுதுங்கள்.

தகப்பன் வழியையும் விடக் கூடாது. அத்தைக்கு வந்ததும் கணக்குத்தான். தகப்பன் நோயில்லாமலே கடத்திவிடுவார்.

பசறைமலர்:
குடும்ப வரலாறு கேட்பதில் நம் பகுதியில் ஒரு பெரிய ஓட்டை. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் நீலகிரிப் பக்கம் கூடலூர், கோத்தகிரி என்று போய்விட்டது. சின்னம்மாவுக்கு அங்கே என்ன நோய் வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. "சூலகப் புற்றுநோய் யாருக்காவது வந்ததா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வயிறு வீங்கி தண்ணி எடுத்தாங்களா? மார்பில கட்டி வந்து செத்தாங்களா?" என்று கேட்டால்தான் வரும். வரலாறு இல்லை என்று எழுதியதால் சோதனைக்கு அனுப்பாமல் விடுவது சரியா?

மகாவலிஜீன்:
சரியே இல்லை. வரலாறு நன்றாகத் தெரிந்த அவுஸ்திரேலியாவிலேயே, 2012 ஆய்வில் விகாரம் உள்ளவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் நோய் இருந்ததாகத் தெரியவில்லை. சளிச்சுரப்பு வகை தவிர்ந்த எபிதீலிய சூலகப் புற்றுநோய் வந்த எல்லாருக்கும், வயதும் வரலாறும் பாராமல், குருதியில் பிஆர்சிஏ பார்க்க வேண்டும்.

பொருள் தெளியாத விகாரம் என்று வருகிற ரிப்போட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தரவுத்தளங்களில் தென்னாசியர்கள் குறைவு, ஆகவே நம்மவர்களுக்கு இந்த முடிவு அதிகம் வரும். இதை வைத்து மாத்திரை தொடங்குவதோ மகளின் சூலகத்தை எடுப்பதோ கூடாது. வருடத்துக்கு ஒரு முறை லெப்பிடம் மறுவகைப்படுத்தினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே மாறும். 185டெல்ஏஜி என்கிற பிஆர்சிஏ1 விகாரம் யூதர்களுக்கே உரியது என்று சிலர் நினைக்கிறார்கள். தென்னிந்தியக் குடும்பங்களிலும் அது தனியாகத் தோன்றிப் பதிவாகியிருக்கிறது, நம் மூதாதையர் வந்த பக்கம் அது.

ஊவாடொக்டர்:
செலவில்லாத அளவுகோல் ஒன்று இருக்கிறது, பரம்பரையலகு அல்ல என்றாலும் இந்த இழையில் அதற்கு இடம் உண்டு. கெலிம் என்பார்கள். கீமோ தொடங்கிய முதல் 100 நாளில் சிஏ-125 (கட்டி குருதியில் விடும் புரதம்) எந்த வேகத்தில் இறங்குகிறது என்ற கணக்கு. குறைந்தது மூன்று அளவு வேண்டும். மூன்று வாரத்துக்கொரு கீமோ என்றால் ஒவ்வொன்றுக்கும் முன் எடுத்தால் ஐந்து வரை கிடைக்கும். திகதியையும் அளவையும் இணையத்தில் உள்ள இலவசக் கணிப்பானில் போட்டால் 1க்கு மேலா கீழா என்று வரும். மேல் என்றால் கட்டி கீமோவுக்கு நன்றாக இளகுகிறது. எல்லாக் குருதியும் ஒரே லெப்பில் இருக்க வேண்டும். ஒன்றை ஹட்டனிலும் அடுத்ததைக் கண்டியிலும் எடுத்தால் கருவி மாறி எண் தடுமாறும்.

பிஆர்சிஏ இல்லை, கெலிம் 1க்குக் கீழ், கட்டி மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் குடும்பத்தோடு நேரம் ஒதுக்கி நேர்மையாகப் பேச வேண்டும்.

கணக்கப்பிள்ளை:
புள்ளியியல் பக்கத்திலிருந்து. நூறு பரம்பரையலகின் வெளிப்பாட்டை அளந்து "ஆயுள் மதிப்பெண்" தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. மிசென்கைமல், நோயெதிர்ப்பு, வேறுபட்ட, பெருகும் என்ற நான்கு உபவகைகள் 2008இலிருந்து பேசப்படுகின்றன. ஆராய்ச்சிக்கு நல்லவை, ஆனால் இன்றைக்கு அவற்றால் ஒரு நோயாளியின் சிகிச்சையும் மாறுவதில்லை. கைக்காசைக் கொட்ட வேண்டாம்.

இங்கே ஆய்வு செய்ய விரும்புகிற மாணவர்களுக்கும்: 60 நோயாளி, 30 மரணம், 100 பரம்பரையலகு என்று மாதிரி கட்டினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். மாறி (ஆராயும் காரணி) ஒன்றுக்குக் குறைந்தது 10 மரணம் என்பதுதான் பழைய கணக்கு, அதாவது 3 மாறி. இன்னொரு பொறி: நோய் கண்டு இரண்டு வருடம் கழித்து சோதனை செய்தவரை நோய் கண்ட நாளிலிருந்து எண்ணுவது. அந்த இரண்டு வருடத்தில் இறந்தவர்களுக்குச் சோதனையே நடந்திருக்காது, ஆகவே சோதித்தவர்கள் எல்லாரும் நீண்ட ஆயுள்காரர்களாகத் தெரிவார்கள். சோதித்த நாளிலிருந்துதான் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிந்துலைசேகர்:
சீரஸ் அல்லாத வகைகளுக்கும் இதே சோதனைதானா? நான் கேட்பது எதை வீணாகச் செய்ய வேண்டாம் என்று தெரிந்துகொள்ள.

மகாவலிஜீன்:
இல்லை. தெளிகல வகையிலும் எண்டோமெற்றியொயிட் வகையிலும் முதலில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்களின் சாயம் நான்கும். தொலைந்திருந்தால் லிஞ்ச் குடும்பமா (குடல், கருப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வரும் குடும்பம்) என்று பார்க்க வேண்டும். தாழ்தர சீரஸில் கேராஸ், பிராஃப் பரம்பரையலகுகள். அங்கே டிபி53 விகாரம் வந்தால் வகைப்படுத்தலே சந்தேகம். வளர்ந்தோர் கிரனுலோசாக் கட்டியில் பொக்ஸ்எல்2 பரம்பரையலகின் ஒரே ஓர் இடம், அது ஆயுளைக் கணிக்க அல்ல, நோயை உறுதி செய்ய. உயர்தர எண்டோமெற்றியொயிட் தவிர, இவற்றில் எச்ஆர்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பசறைமலர்:
அந்த மாதிரி ரிப்போட்டுக்காரருக்கு முதல் புளொக்கில் திரும்பச் செய்து, குருதியில் பிஆர்சிஏ1 விகாரம் என்று வந்தது என்று வைப்போம். 37 வயது மகளுக்கும் இருக்கிறது, பிள்ளைப்பேறு முடிந்தது, சூலகத்தையும் குழாய்களையும் எடுக்கச் சம்மதிக்கிறார். படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

ஹந்தானைலெப்:
"சூலகம், குழாய்" என்று மட்டும் எழுதினால் லெப்பில் வழக்கம்போல ஒரு துண்டு எடுத்து முடித்துவிடுவார்கள். உயர்தர சீரஸ் பெரும்பாலும் தொடங்குவது குழாயின் விரிந்த நுனியில், சில மில்லிமீற்றர் அளவில். ஆகவே பெரிதாக எழுதுங்கள்: "பிஆர்சிஏ1 விகாரம் உள்ளவர். ஆபத்துக் குறைப்புச் சத்திரசிகிச்சை. குழாய்களும் சூலகங்களும் முழுவதும் பார்க்கவும்." அப்போதுதான் நுனியை வெட்டி நீளவாக்கில் துண்டுபோட்டு, மிச்சக் குழாயை 2 முதல் 3 மில்லிமீற்றர் குறுக்குத் துண்டுகளாக்கி, எல்லாவற்றையும் புளொக்கில் ஏற்றுவார்கள். சந்தேகமான இடத்தில் பி53உம், கலப் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67உம் சாயமிடுவார்கள். வயிற்றைக் கழுவிய நீரையும் தனிப் போத்தலில் அனுப்ப வேண்டும். நிபுணரிடம் ஒரு வேண்டுகோள்: குழாயின் நுனியை இடுக்கியால் பிடிக்க வேண்டாம், நசுங்கிய கலத்தை ஸ்லைட்டில் வாசிக்க முடியாது.